எடை கொறைஞ்சப்புறம் தொங்கற தோலை எடுக்கற ஆபரேசன்: காசு விசயத்துல அடிக்கடி கேக்கற கேள்விங்க

கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல ரொம்ப வருசம் உக்காந்திருந்தவ நானு. இப்ப ஈரோட்டுல வீட்டோட இருக்கேன், ஆனா போன் மட்டும் நிக்கறதில்லீங்க. நாப்பது அம்பது கிலோ எடை கொறைச்சவங்க, பேரியாட்ரிக்குங்கற எடை கொறைக்கற எரப்பை ஆபரேசன் பண்ணினவங்க, இப்ப புதுசா ஊசி போட்டு எளைச்சவங்க எல்லாரும் ஒரே மாதிரி தான் கேக்கறாங்க, அதனால ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன். ஆபரேசன் வேணுமா வேண்டாமான்னு உங்க டாக்டர் சொல்லட்டும், நான் காசுப் பக்கம் மட்டும் சொல்றேன்.

கேள்வி: இது என்ன ஆபரேசனுங்க? டம்மி டக்குன்னு சொல்றாங்களே அதுதானா?

ரெண்டு இருக்குதுங்க, காசு விசயமே இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் மாட்டிக்குது. அடிவயித்துல இருந்து தொடை மேல வந்து விழுகற தோல் மடிப்பை மட்டும் வெட்டி எடுத்துட்டு தைக்கறது பானிகுலெக்டமி. தோலையும் எடுத்து, உள்ள விரிஞ்சு போன வயித்துத் தசையையும் இழுத்து தச்சு, தொப்புளையும் சரியான எடத்துக்கு கொண்டாந்து வெச்சா அது அப்டாமினோபிளாஸ்டி, அதைத்தான் டம்மி டக்குங்கறாங்க. மொதல்லதை சீக்கு தீர்றதுக்கு பண்ணினதுன்னு வாதாடலாம். ரெண்டாவதை இன்சூரன்ஸ்காரங்க பேரைப் பாத்ததுமே காஸ்மெடிக்னு ஒதுக்கிருவாங்க. கை, தொடை, மாரு, இடுப்பைச் சுத்தி எடுக்கற பாடி லிஃப்ட், இதெல்லாம் தனித்தனி ஆபரேசன், தனித்தனி பில்லு.

கேள்வி: எக்சசைஸ் பண்ணி, எண்ணெய் தேச்சு சரி பண்ண முடியாதுங்களா?

துளியூண்டு தொளதொளப்புன்னா எக்சசைஸ்ல கொஞ்சம் எறுக்கமாத் தெரியும். வருசக்கணக்கா இழுபட்டு உள்ள இருக்கற நாரெல்லாம் அத்துப்போன தோலு திரும்ப சுருங்காதுங்க. கிரீமு, மெசினுன்னு பத்தாயிரம் இருவதாயிரம் விட்டவங்க நெறைய பேரு, அந்தக் காசை ஆபரேசனுக்கு எடுத்து வெச்சிருக்கலாம்.

கேள்வி: மொத்தமா எவ்ளோங்க ஆகும்?

எல்லாரும் இதைத்தான் மொதல்ல கேப்பாங்க, கேட்டதும் ஒரு நம்பரு சொல்லணும்னு எதிர்பாப்பாங்க. நம்ம பக்கத்து தனியார் ஆஸ்பத்திரிகள்ல வயித்துக்கு மட்டும்னாலே லட்சத்தைத் தாண்டும், ஒன்றரை ரெண்டுன்னு சொல்றது சகஜம், இடுப்பைச் சுத்தி எடுக்கறதுன்னா அதுக்கும் மேல நல்லா ஏறும். ஆனா அவங்க வாயில சொல்ற நம்பருக்குள்ள என்னென்ன அடங்குதுங்கறது தான் முக்கியம். கல்யாண மண்டபம் புடிக்கறப்ப வாடகை ஒன்னு சொல்லுவாங்க, அப்புறமேல் கரண்டு, ஜெனரேட்டரு, சுத்தம் பண்றதுன்னு தனித்தனியா சேருமல்ல, இதும் அப்படியேதாங்க.

சர்ஜன் பீஸு, மயக்க டாக்டர் பீஸு, தியேட்டர் வாடகை, ரூமு, மருந்து, ரத்த டெஸ்ட்டு, ஸ்கேனு, இதெல்லாம் எஸ்டிமேட்ல இருக்கும். எஸ்டிமேட்ல இல்லாதது என்னன்னா, ஆபரேசனுக்கப்புறம் பல வாரம் போட்டுக்க வேண்டிய இறுக்கமான கார்மென்ட்டு, அதுவும் மாத்திக் கட்ட ரெண்டு வேணும், கசியற நீரை வெளிய எடுக்கற டிரெய்ன் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்புனா அதை எடுக்கற வரைக்கும் டிரெஸ்ஸிங்குக்கு போய்ட்டு வர செலவு, உள்ள நீர் கோத்துக்கிச்சுன்னா ஊசி போட்டு எடுக்கற செலவு, தையல் ஒரு எடத்துல விட்டுப்போச்சுன்னா அதுக்கு ஆகற செலவு. எடை ரொம்ப கொறைஞ்சவங்களுக்கு தையல் விடறதும் நீர் கோக்கறதும் அபூர்வம் கெடையாது, அதனால எஸ்டிமேட்டுக்கு மேல ஒரு தொகை கையில இருக்கணும்.

அப்புறம் ஜிஎஸ்டி. வைத்தியத்துக்கு பொதுவா ஜிஎஸ்டி கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அந்த விலக்கு இல்லீங்க. பொறவிக் குறை, வளர்ச்சிக் குறை, அடிபட்டது, இதைச் சீர் பண்றதுக்கு மட்டும் தான் விலக்கு. காஸ்மெடிக்னு பில்லு போனா 18 சதவீதம். ரெண்டு லட்சம்னு சொன்ன ஆபரேசன் 2,36,000 ஆயிரும். "ஜிஎஸ்டி சேத்தா சேக்காமயா"ன்னு மொத நாளே கேட்டுருங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு கவுன்டர்ல நின்னு சண்ட போட்டு ஒரு புண்ணியமும் இல்ல.

கடைசியா ஒன்னு, யாரும் கணக்குல எழுதறதே இல்ல. வேலைக்குப் போகாத நாளு. நாலுல இருந்து ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதும்பாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்கறவங்க ரெண்டு மூணு வாரத்துல ஒருமாதிரி சமாளிச்சுக்குவாங்க. திருப்பூர்ல பீஸ் ரேட்டுக்கு தைக்கறவங்க, சோமனூர் பக்கம் தறி ஓட்டறவங்க, காட்டுல பண்டம் கன்னு வெச்சு காலைலயும் சாயங்காலமும் குந்தி உக்காந்து பால் கறக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் ஒன்றரை மாச வருமானம் போச்சு, இல்ல ஆள் வெச்ச கூலி. அதையும் ஆபரேசன் செலவுலயே எழுதுங்க.

கேள்வி: இன்சூரன்ஸ் குடுக்குமா குடுக்காதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தைன்னா குடுக்காது. கொஞ்சம் பொறுமையா படிக்கறீங்கன்னா, சில பேருக்குக் குடுக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் பொதுவா எழுதி வெச்ச விலக்குப் பட்டியல் ஒன்னு இருக்குது, உங்க பாலிசிப் புத்தகத்துலயும் இருக்கும், எக்ஸ்க்ளூசன் 08ன்னு தேடுங்க. தோற்றத்தை மாத்தறதுக்காக பண்ற காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரிக்கு காசு கெடையாதுங்கறது அதுல மொத பாதி. எல்லாரும் அதோட புத்தகத்தை மூடிர்றாங்க. அடுத்த பாதிய படிங்க: விபத்து, தீக்காயம், கேன்சருக்கு அப்புறம் சீரமைக்கறதுன்னா உண்டு, அதில்லாம உடம்புக்கு நேரடியா, உடனடியா இருக்கற ஒரு ஆபத்தை நீக்கறதுக்கு வேண்டிய சிகிச்சைல ஒரு பகுதியா இருந்தாலும் உண்டு, அது மருத்துவத் தேவைன்னு வைத்தியம் பாக்கற டாக்டர் சான்று குடுக்கணும். நம்மளுக்கு இருக்கற கதவு அந்த ஒரு வரி தான்.

அசிங்கமா இருக்குது, சுடிதார் போட முடியல, வெளிய போக வெக்கமா இருக்குது, இதெல்லாம் உண்மையான கஷ்டம்தான், நான் இல்லைன்னு சொல்லல, ஆனா அந்த வரிக்குள்ள வராது. மடிப்புக்கு அடில திரும்பத் திரும்ப புண்ணு வந்து, மருந்து போட்டும் ஆறாம, சீழ் வெச்சு, செல்லுலைட்டிஸ்னு தோலுக்கு அடில கிருமி பரவி அட்மிட் ஆகி ஊசி போட்ட அளவுக்குப் போயிருந்தா வர வாய்ப்பு உண்டு.

கேள்வி: அப்ப டாக்டர்கிட்ட சொல்லி மருத்துவத் தேவைன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டா முடிஞ்சுதில்லீங்களா?

இந்த இடத்துல தாங்க முக்காவாசிப் பேருக்கு கேஸ் விழுந்து போறது. லெட்டரு கேப்பாங்க, ஆனா லெட்டரை மட்டும் நம்ப மாட்டாங்க. காசு கட்டாம பண்ற கேஷ்லெஸ்ஸுக்கு ப்ரீ ஆத்னு முன் அனுமதி கேட்டு அனுப்புனதும் கம்பெனிலருந்து கொஸ்டின் வரும்: இந்தத் தொந்தரவு எவ்ளோ நாளா இருக்குது, இதுக்கு முன்னாடி என்ன வைத்தியம் பாத்தாரு, அந்தச் சீட்டெல்லாம் எங்க, போட்டோ எங்க. ஆபரேசன் தேதிக்கு நாலு நாளைக்கு முன்னாடி வாங்குன ஒத்த லெட்டரை வெச்சு இதுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது.

காங்கேயம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வருவாங்க. பழைய வேட்டியக் கிழிச்சு நாலா மடிச்சு, வவுத்து மடிப்புக்கு அடில வெச்சிருப்பாங்க, வேர்வைல நனைஞ்சதும் எடுத்துட்டு வேற துணி வெப்பாங்க, சித்திரை வைகாசில ஒரு நாளைக்கு பல தடவை. துணிய எடுத்தா உள்ள செகப்பா வெந்து போயி, ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கும், நாத்தம் வேற. டாக்டருங்க அதை இன்டர்ட்ரைகோம்பாங்க. அவ்ளோ கஷ்டம், ஆனா கையில ஒரு சீட்டு கெடையாது. மெடிக்கல் சாப்ல பவுடரு வாங்கி வாங்கிப் போட்டிருக்காங்க, டாக்டரைப் பாக்க வெக்கம். பேப்பர்ல பாத்தா அந்தம்மாவுக்கு எந்த நோயுமே இல்ல.

அதனால இப்பவே ஆரம்பிங்க. புண்ணு வர்றப்பல்லாம் தோல் டாக்டரைப் பாருங்க, காசு இல்லைன்னா கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஓபி சீட்டே போதும், அதும் ரெக்கார்டு தான். சீட்டுல எந்த எடத்துல புண்ணுன்னு எழுதச் சொல்லுங்க, சும்மா "ஃபங்கல்"னு எழுதினா கால் விரல் இடுக்கான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும். பூஞ்சை மருந்து, ஆன்ட்டிபயாட்டிக் வாங்குன பில்லெல்லாம் வெச்சுக்குங்க. மடிப்பைத் தூக்கிப் புடிச்சு ஒன்னு, விட்டு நின்னு நேரா ஒன்னு, பக்கவாட்டுல ஒன்னுன்னு தேதியோட போட்டோ எடுத்துக்குங்க, மூஞ்சி வேண்டியதில்ல. இப்படி மாசக்கணக்கா வைத்தியம் பாத்தும் திரும்பத் திரும்ப வருதுன்னு காகிதமே பேசணும். எடை கொறைஞ்ச கணக்கையும் மாசாமாசம் எங்கயாச்சும் பதிவு பண்ணுங்க.

பொய்யா மட்டும் எழுத வெக்காதீங்க. புண்ணே வராதவங்க வந்ததா எழுதி வாங்கி, அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளைம் பாக்கற டிபிஏக்காரங்க நேர்ல வந்து பாத்து மாட்டிக்கிட்டா இந்த க்ளைம் மட்டுமில்ல, பாலிசியே போயிரும். அந்த ஆஸ்பத்திரிக்கும் கெட்ட பேரு.

கேள்வி: எனக்கு ஹெர்னியாவும் இருக்குதுங்க, ரெண்டையும் ஒன்னாப் பண்ணிக்கலாம்ங்கறாங்க.

அது நல்ல ரோசனை தான், ஒரே மயக்கத்துல முடிஞ்சிரும். ஹெர்னியாவுக்கு இன்சூரன்ஸ் உண்டு, ஆனா பெரும்பாலான பாலிசில எடுத்ததுல இருந்து ரெண்டு வருசம் காத்திருக்கற வெயிட்டிங் இருக்கும், அது முடிஞ்சிருக்கான்னு பாருங்க. ஹெர்னியா பங்கு தனி, தோலு எடுக்கற பங்கு தனின்னு எஸ்டிமேட்டையே ரெண்டாப் போடச் சொல்லுங்க. ஒரே பில்லாப் போனா, சந்தேகத்துல மொத்தத்தையும் நிறுத்தி வெச்சுக் கேள்வி கேப்பாங்க. பிரிச்சுப் போட்டா ஹெர்னியா, ரூமு, மயக்கம் இதுல அவங்க பங்கு வந்துரும், தோலுக்கு நீங்க கட்டுனா போதும். நாள்பட்ட தொப்புள் ஹெர்னியா இருக்கறவங்க நெறைய பேரு இருக்கறதே தெரியாமச் சுத்தறாங்க, ஆபரேசனுக்கு முன்னாடி எடுக்கற ஸ்கேன்ல தான் தெரியும்.

கேள்வி: பேரியாட்ரிக்குக்கு இன்சூரன்ஸ் குடுத்தாங்களே, இது அதோட தொடர்ச்சி தானே?

நம்ம கண்ணுக்கு தொடர்ச்சி, அவங்க கண்ணுக்கு வேற கேஸு. பேரியாட்ரிக்குக்கு தனி விதி இருக்குது: வயசு 18 ஆயிருக்கணும், பிஎம்ஐ (உசரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு) 40ஓ அதுக்கு மேலயோ, 35ன்னா கூடவே கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோயி, கட்டுக்கு அடங்காத டைப் 2 சர்க்கரை மாதிரி ஏதாச்சும் இருக்கணும். அந்த விதில தோலு பத்தி ஒரு வார்த்தை கெடையாது. ஆனாலும் பேரியாட்ரிக் டிஸ்சார்ஜ் சம்மரிய பத்தரமா வெச்சுக்குங்க, எடை எங்கிருந்து எங்க வந்துச்சுன்னு அதைவிட நல்ல சாட்சி இல்ல.

கேள்வி: இப்ப புதுசா ஒரு பாலிசி எடுத்துட்டு ஆறு மாசத்துல பண்ணிக்கலாமா?

வேலைக்காகாதுங்க. மொத 30 நாளு விபத்து தவிர எதுவும் கெடையாது, குறிப்பிட்ட சில ஆபரேசனுக்கு தனி வெயிட்டிங், ஏற்கனவே இருக்கற தொந்தரவுக்கு 36 மாசம் வரைக்கும் கம்பெனி வெயிட்டிங் வெச்சுக்கலாம், 2024 ஏப்ரலுக்கு முன்னாடி இது 48 மாசமா இருந்துச்சு. பேரியாட்ரிக் பண்ணினதை மறைச்சு பாலிசி எடுக்காதீங்க. தொடர்ந்து 60 மாசம் கட்டிட்டா அப்புறம் சொல்லாததைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, மோசடின்னு நிரூபிச்சா தவிர. ஆனா அதுக்குள்ள ஒரு மாரடைப்பு வந்துச்சுன்னா இந்த மறைச்ச சமாச்சாரம் அதுக்கும் குறுக்க வந்து நிக்கும். வருங்காலத்துக்குன்னு பாலிசி எடுங்க, இந்த ஆபரேசனுக்குன்னு எடுக்காதீங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்ல.

கேள்வி: கம்பெனி குரூப் இன்சூரன்ஸு, ஈஎஸ்ஐ?

குரூப் பாலிசில பெரும்பாலும் வெயிட்டிங் இருக்காது, அது ஒரு நல்ல விசயம், காஸ்மெடிக் விலக்கு மட்டும் அங்கயும் இருக்கும். எச்ஆர்கிட்ட பாலிசி வார்த்தைய முழுசா வாங்கிப் படிங்க, அவங்களே படிச்சிருக்க மாட்டாங்க.

ஈஎஸ்ஐ மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு, உங்க சம்பளத்துல 0.75 சதவீதம் புடிப்பாங்க, மொதலாளி 3.25 போடுவாரு. அழகுக்குன்னா அங்கயும் இல்ல. ஆனா புண்ணுக்கு வைத்தியம், ஹெர்னியா, சர்க்கரை, ரத்த டெஸ்ட்டு எல்லாம் கைக்காசு இல்லாம பாத்துக்கலாம், அந்தச் சீட்டெல்லாம் மேல சொன்ன ஃபைலுக்கு ஆகும். பெருசான்னா சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. டாக்டர் சீக்கு லீவு சர்டிபிகேட் குடுத்தா சம்பளத்துல 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரைக்கும், ஈஎஸ்ஐக்குப் புடிச்சுக் கட்டுன கான்ட்ரிபியூசன் நாளு சரியா இருந்தா வரும். திருப்பூர்ல இதைக் கேட்டு வாங்கறவங்க ரொம்ப கம்மி.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல பண்ண முடியுமா?

வருச வருமானம் 1,20,000க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் அந்தத் திட்டத்துல உண்டு, ஆனா அது பட்டியல்ல இருக்கற ஆபரேசனுக்கு மட்டும், அழகுக்காக தோலு எடுக்கறது அதுல வராது. ஹெர்னியான்னா காப்பீட்டு கவுன்டர்ல கேளுங்க. அட்டைய விடுங்க, கோயமுத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்குது, பெரியாஸ்பத்திரின்னு சொன்னா ஆட்டோக்காரரு எறக்கி விடுவாரு. நிஜமாவே புண்ணோட கஷ்டப்படறவங்க ஓபில போயி காமிங்க. தீக்காயம், விபத்துன்னு அவங்களுக்கு அவசர கேஸு நெறைய இருக்கும், வரிசைல காத்திருக்கணும், பலமுறை போக வேண்டி வரும், அழகுக்கு மட்டும்னா ஒத்துக்க மாட்டாங்க. ஆனா கவர்மென்ட்டுன்னாலே வேண்டாம்னு ஒதுக்கறது சரியில்லீங்க, கடன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க.

கேள்வி: ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. விட்டுறதா?

காகிதம் இருந்தா விடாதீங்க. கேஷ்லெஸ் மறுத்தாங்கன்னா க்ளைமே செத்துப் போச்சுன்னு அர்த்தமில்ல, காசு கட்டிட்டு ரீயம்பர்ஸ்மென்ட் போடலாம். எந்த விதிப்படி மறுத்தாங்கன்னு எழுத்துல வாங்குங்க, வெறும் "நாட் பேயபிள்"ங்கறதை ஏத்துக்காதீங்க. மொதல்ல கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்ல பதியுங்க, 155255க்கும் கூப்புடலாம். 30 நாள்ல சரியான பதில் இல்லைன்னாலும், பதில் திருப்தி இல்லைன்னாலும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்ங்கற குறைகேட்பு அதிகாரிகிட்டப் போகலாம், நம்ம மாநிலத்துக்கு சென்னை. கம்பெனி கைவிரிச்ச ஒரு வருசத்துக்குள்ள போகணும், 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு சொல்ல அதிகாரம் உண்டு, ஒரு ரூபா கட்டணம் இல்ல, வக்கீலும் வேண்டியதில்ல. மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு இன்னொரு வழி, ஆனா நாளாகும். டம்மி டக்குன்னே பில்லு இருக்குது, சீட்டு ஒன்னும் இல்லைன்னா எங்க போனாலும் இதே பதில் தான், அலையாதீங்க.

கேள்வி: இன்சூரன்ஸ் ஓகே ஆச்சு, ஆனா கைக்காசு இவ்ளோ போச்சேங்க?

ரூம் வாடகையா இருக்கும். 5 லட்சம் பாலிசில ஒரு சதவீதம் வாடகை வரம்புன்னா நாளைக்கு 5,000. நீங்க ஒறம்பரை வந்து உக்காரணும்னு 8,000 ரூபா ரூம் எடுத்தா, வித்தியாசம் 3,000 மட்டும் போகாது, சர்ஜன், தியேட்டர் கட்டணத்தையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க, 80,000க்கு 50,000 தான் வரும். இறுக்கமான பெல்ட்டு, கையுறை மாதிரி சில்லறை அயிட்டங்களையும் குடுக்க மாட்டாங்க.

கேள்வி: சரி, எல்லாம் கைக்காசு தான்னு ஆயிருச்சு. எதுல காசு பொரட்டலாம்?

சேத்து வெச்சுப் பண்றது தான் என் அபிப்பிராயம், ஏன்னா இது நாளைக்கே பண்ணலைன்னா உயிர் போற ஆபரேசன் இல்ல. எப்படியும் எடை நிக்கற வரைக்கும் காத்திருக்கணுமில்லீங்களா, அந்த மாசங்கள்லயே பேங்க்ல மாசாமாசம் கட்டற ஒரு ஆர்டி போட்டுட்டு வந்தா பாதிக் காசு தேறிரும்.

நம்மூர்ல ஏலச்சீட்டு போடாத வீடு ஏது. 5 லட்சம் சீட்டு, 20 பேரு, மாசம் 25,000ன்னு வெச்சுக்குங்க. மொத ரெண்டு மூணு மாசத்துலயே அவசரப்பட்டு எடுத்தா, ஏலத்துல விட்டுக் குடுக்கற தள்ளு லட்சத்துக்கு மேலயும் போகும், அது வட்டி இல்லைன்னு நெனச்சுக்கறது நம்ம மனசு தான். நடுவுல, ஏலத்துல ஆளு கம்மியா நிக்கறப்ப எடுத்தா கட்டுப்படியாகும். பதிவு பண்ணுன சீட்டா பாருங்க, நடத்தறவரு கமிசன் 7 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம் இருக்குது. தெருவுல நடத்தற சீட்டுல ஆள் ஓடிட்டா போலீஸ்ல சொல்லவும் காகிதம் இருக்காது.

நகைய வெக்கறதுன்னா பேங்க், கூட்டுறவு சங்கம் மொதல்ல. ரிசர்வ் பேங்க் புது விதிப்படி 2026 ஏப்ரல்ல இருந்து ரெண்டரை லட்சம் வரைக்குமான கடனுக்கு நகை மதிப்புல 85 சதவீதம், 5 லட்சம் வரைக்கும் 80, அதுக்கு மேல 75 வரைக்கும் குடுக்கலாம், கல்லு, செய்கூலி சேராது. அதிகமாக் குடுக்கறாங்கன்னு முழுசா வாங்காதீங்க, வேலைக்குப் போகாத மாசத்துலயும் வட்டி ஓடும். கைமாத்து வட்டிக்குன்னா கணக்கை ஞாபகம் வெச்சுக்குங்க, நூத்துக்கு ரெண்டு ரூபான்னா வருசத்துக்கு 24 சதவீதம், மூணுன்னா 36. அழகு ஆபரேசனுக்கு அந்த வட்டிக்குப் போகாதீங்க, சொல்லிப்புட்டேன்.

ஆஸ்பத்திரிலயே நோ காஸ்ட் ஈஎம்ஐன்னு ஒரு பையன் டேபிள் போட்டு உக்காந்திருப்பான். அவன்கிட்ட பேசறதுக்கு முன்னாடி பில்லிங்ல போயி, மொத்தமாக் கட்டுனா எவ்ளோ கொறைப்பீங்கன்னு கேளுங்க. அந்தத் தள்ளுபடி ஈஎம்ஐல போயிரும், அதுதான் வட்டி. பிராசசிங் பீஸும் தனியா இருக்கும்.

கேள்வி: ரொக்கமா குடுத்தா பில்லு இல்லாம கொறைச்சுப் போடறேங்கறாங்க.

வேண்டாம். பில்லு இல்லைன்னா நாளைக்கு தையல் விட்டுப்போச்சுன்னா அவங்ககிட்ட எதை வெச்சுக் கேப்பீங்க. தவிர ஒரு காரியத்துக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது வருமான வரிச் சட்டப்படி அவங்களுக்கே தப்பு.

கேள்வி: ஊசி போட்டு எளைச்சேன், எப்பப் பண்ணிக்கலாம்?

எடை கொறைஞ்சது ஆறு மாசமாவது ஒரே எடத்துல நிக்கணும்பாங்க, பேரியாட்ரிக் பண்ணினவங்கன்னா வருசம் ஒன்னு ஒன்றரை கழிச்சு. எடை கொறைக்கற மவுஞ்சாரோ ஊசி 2025ல தான் நம்ம நாட்டுக்கு வந்துச்சு, மாசாமாசம் காசு ஆகுதுன்னு நடுவுல நிறுத்தி எடை திரும்பி ஏறுனவங்க இருக்காங்க. தோலை எடுத்தப்புறம் ஏறுனா கட்டுன காசு வீணு, அதனால ஊசிச் செலவையும் சேத்தே பட்ஜெட் போடுங்க, மயக்க டாக்டர்கிட்ட ஊசி போடறதைக் கட்டாயம் சொல்லுங்க, எரப்பை மெதுவா காலியாகும்ங்கறதால அவங்களுக்கு அது முக்கியம். இன்னும் கொழந்த பெத்துக்கற எண்ணம் இருக்கற பொண்ணுங்க அதுக்கப்புறம் பண்றது தான் காசுக்கு நல்லது. ஹீமோகுளோபின், புரோட்டீன், பி12 கொறைவா இருந்தா மொதல்ல அதைச் சரி பண்ணுங்க, பீடி சிகரெட்டு இருந்தா வாரக்கணக்குல முன்னாடியே நிறுத்தணும், இல்லைன்னா தையல் கூடாது, கூடலைன்னா மறுபடியும் செலவு.

கேள்வி: கை, தொடை, வயிறு எல்லாத்தையும் ஒரே தடவைல முடிச்சா காசு மிச்சமாகுமே?

தியேட்டரும் மயக்கமும் ஒரு தடவை மிச்சம், நெசம். ஆனா மயக்கத்துல இருக்கற நேரம் நீண்டா காலு ரத்தக்கட்டு மாதிரி ஆபத்தும் கூடும், ரெண்டு கையும் வவுறும் ஒன்னாத் தச்சிருந்தா எந்திரிச்சு உக்கார இன்னொருத்தர் வேணும். காசு கம்மியா இருக்கறவங்க எது தெனமும் தொந்தரவோ அதை மட்டும் பண்ணுங்க. பாதிப்பேரு வவுறு முடிஞ்சதுமே கை தொடையப் பத்திக் கேக்கறதை விட்டுர்றாங்க.

கேள்வி: அமெரிக்காவுல இருக்கற சொந்தக்காரருக்கு இன்சூரன்ஸே குடுத்துதாமே?

இருக்கும். அங்க நெறைய கம்பெனி பானிகுலெக்டமிக்கு குடுக்கும், மடிப்பு மர்ம உறுப்பு மட்டத்துக்குக் கீழ தொங்கணும், மாசக்கணக்கா வைத்தியம் பாத்தும் புண்ணு ஆறாம இருக்கணும், எடை நிலையா இருக்கணும்னு பட்டியலே போட்டு வெச்சிருப்பாங்க. டம்மி டக்குக்கு அங்கயும் பொதுவா கெடையாது. அவரு ஃபைலை வாங்கிப் பாருங்க, நான் மேல சொன்ன அதே சீட்டு, அதே போட்டோ தான் இருக்கும்.

கேள்வி: வீட்ல "கண்ணாலத்துக்கு சேத்த காசை தோலுக்குப் போடறியா"ங்கறாங்க.

உங்க காசுன்னா உங்க முடிவு, வீட்டுக் காசுன்னா பேசித்தான் ஆகணும். மாமியாரு எகத்தாளமாப் பேசுனா அந்தப் புண்ணை ஒரு தடவ நேர்ல காமிங்க. அதுக்கப்புறம் வாயைத் தொறக்காத மாமியாருங்களை நான் பாத்திருக்கேன்.

கேள்வி: கன்சல்டேசனுக்குப் போறப்ப என்னங்க கேக்கணும்?

மொதல்ல சர்ஜன் படிப்பு. பிளாஸ்டிக் சர்ஜரில எம்சிஎச் இல்ல டிஎன்பி முடிச்சிருக்கணும். காஸ்மெடாலஜி சர்டிபிகேட் மாட்டி வெச்சுட்டு பாதி ரேட்டுக்குப் பண்றேங்கற கிளினிக்குக்குப் போகாதீங்க. அவசரம்னா ஐசியூ அதே கட்டடத்துல இருக்குதா, இல்ல ஆம்புலன்ஸ்ல வேற எடத்துக்குக் கொண்டு போவீங்களான்னு கேளுங்க. எஸ்டிமேட்டை பேப்பர்ல, ஆஸ்பத்திரி சீலோட, ஜிஎஸ்டி எவ்ளோன்னு தனி வரில எழுதி வாங்குங்க. ஆபரேசன் பேரு என்னன்னு எழுதறாங்கன்னு பாருங்க, இன்சூரன்ஸ் போடற எண்ணம் இருந்தா பானிகுலெக்டமியா அப்டாமினோபிளாஸ்டியான்னு அன்னிக்கே பேசி முடிங்க, பில்லு அடிச்சப்புறம் மாத்தச் சொன்னா மாத்தக்கூடாது, மாத்தவும் மாட்டாங்க. நீர் கோத்தாலோ தையல் விட்டாலோ திரும்ப வந்தா யாரு செலவு, எத்தனை நாள் வரைக்கும்னு கேட்டு அதையும் அதே பேப்பர்லயே எழுதச் சொல்லுங்க.